காட்சியைச் சொல்கிறேன், படத்தைச் சொல்லுங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, நண்பர் வீட்டு மொட்டைமாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். பாய், ஒரு பிளாஸ்க் டீ, பக்கத்துக் கடை பக்கோடா. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதிவைத்துவிட்டேன்.

இது என்ன விளையாட்டு?

ஒருவர் ஏதாவது ஒரு படத்தின் ஒரு காட்சியை வாயால் சொல்வார். நடிகர் பெயர், கதாபாத்திரத்தின் பெயர், பாட்டு, வசனம் எதுவும் வரக்கூடாது. மற்றவர்கள் படத்தைச் சொல்ல வேண்டும். படத்துக்கு ஒரு மதிப்பெண், இயக்குநருக்கு இன்னொன்று. மதிப்பெண்களை இதுவரை யாரும் ஒழுங்காகக் கூட்டிப் பார்த்ததில்லை. படம் பிடிபட்டதும் ஒருவர், “எல்லாம் சரி, அவரைப் பெரிய இயக்குநர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” என்று ஆரம்பிப்பார். அதோடு விளையாட்டு போய்விடும், வழக்கு வந்துவிடும். பாதிப் பேர் வருவதே அந்த வழக்கைக் கேட்கத்தான்.

கதையைச் சொல்லக்கூடாது என்கிறீர்களே, ஏன்?

பிழைப்புக்காக வெளியூர் போன தகப்பன் நெடுநாள் கழித்து வீடு திரும்புகிறான். மகளுக்குப் புடவை வாங்கி வந்திருக்கிறான். மகள் இறந்துபோனது அவனுக்குத் தெரியாது. இது கதை. இதை யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம், கெடுத்துமிருக்கலாம்.

இப்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள். புயலில் சிதைந்த வீட்டு முற்றம். வந்தவன் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறான். சப்பாத்திப் பலகை, குழவி, சட்டமிட்ட லட்சுமி படம். மனைவி வாய் திறக்கவில்லை. கடைசியில் புடவையை அவள் கையில் கொடுக்கிறான். அவள் அதை முகத்தோடு சேர்த்துக்கொண்டு உடைகிறாள். வாய் திறக்கிறது, அழுகுரல் மட்டும் நம் காதுக்கு வரவில்லை. அதன் இடத்தில் ஒரு நரம்பு வாத்தியம் உச்சத்தில் கதறுகிறது.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955). அந்த வாத்தியம் தார் ஷெனாய், இசை ரவிசங்கர். கதையைச் சொன்னபோது கிடைக்காத இயக்குநர், காட்சியைச் சொன்னதும் வந்து உட்கார்ந்துவிடுகிறார் பாருங்கள், அதற்காகத்தான் இந்த விதி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தாயின் கதறலைக் காதால் கேட்டதாகப் பல வருஷம் எல்லாரிடமும் சொல்லிவந்தவன் நான். இதே மாடியில், “அவர் குரலே அங்கு கிடையாது” என்று ஒரு கல்லூரி மாணவி சொன்னபோது, பந்தயம் கட்டினேன். அந்த இடத்தை மறுபடி போட்டுப் பார்த்தோம். வாத்தியம்தான். அன்றைய பக்கோடா செலவு என்னுடையது.

அப்படியென்றால் எப்படித்தான் சொல்வது?

மூன்று நான்கு வாக்கியம் போதும். கைகள் என்ன செய்கின்றன, கால்கள் எங்கே நிற்கின்றன, என்ன சத்தம் கேட்கிறது, நாம் எங்கிருந்து பார்க்கிறோம். இந்த நான்கில் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். “உருக்கமான காட்சி”, “பிரமாதமான காட்சி” என்றெல்லாம் சொல்லிப் பயனில்லை. அப்படிச் சொன்னால் எங்கள் வழக்கப்படி ஒரு பக்கோடா பறிமுதல்.

எனக்குப் பிடித்த விவரிப்பு ஒன்று. ஒரு பெண் உருளைக்கிழங்கை அளவுக்கு மீறி வேகவிட்டுவிடுகிறாள். பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே அங்கும் இங்கும் நடக்கிறாள். அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்பு அவளுடைய ஒரு முழு நாளை ஒரு வேலை பிசகாமல் பார்த்துவிட்டதால், அந்தக் குழைந்த கிழங்கைப் பார்க்கும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது. ஷான்டல் ஆகர்மன் 1975-ல் எடுத்த ‘ஜான் டீல்மான்’. 201 நிமிஷப் படம். எங்கள் வீட்டுச் சமையலறையிலும் இது தினம் நடக்கிறதே என்றார் ஒருவர். நடக்கிறது, யார் அப்படி நின்று பார்த்தோம்?

கேட்கக்கூடாத காட்சிகள் என்று பட்டியல் இருக்கிறதாமே?

இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்ததைக் கேட்டு நேரத்தை வீணாக்கக்கூடாது என்பதற்காக. ரயில் நிலையத்தில் தலையில் பானையை வைத்துக்கொண்டு குரங்குச் சேட்டை செய்து காட்டும் மனிதனும், அவனைப் பிச்சைக்காரன் என்று நினைக்கும் பெண்ணும் (‘மூன்றாம் பிறை’, 1982). நல்லவரா கெட்டவரா என்று தாத்தாவிடம் கேட்கும் பேரன் (‘நாயகன்’, 1987). குளியலறைத் திரைக்குப் பின்னால் கத்தி (ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’, 1960, கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு ஊற்றினார்கள் என்ற தகவலையும் சேர்த்தே தடை செய்திருக்கிறோம், அத்தனை முறை கேட்டாயிற்று). கடற்கரையில் மரணத்தோடு சதுரங்கம் (பெர்க்மனின் ‘தி செவன்த் சீல்’, 1957).

கூடவே, இரும்புக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வரும் தாடிக்காரர். ‘அபூர்வ ராகங்கள்’ வந்த 1975-ல் அது யாரோ ஒரு புதுமுகம் உள்ளே நுழையும் சாதாரண ஷாட். வந்தவர் ரஜினிகாந்த் ஆனபிறகு ஒரு தொழிலின் வாசலே அங்கு திறந்ததுபோல் எல்லாரும் பேசுகிறார்கள். காட்சி அதேதான், பின்னால் நடந்தவை அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன.

ஒரே விவரிப்புக்கு இரண்டு படங்கள் பொருந்தினால்?

காட்சியைச் சொன்னவர்தான் மதிப்பெண்ணை இழப்பார். சரியாகப் பார்த்துச் சொல்லவில்லை என்று அர்த்தம்.

வீட்டைத் தோளில் சுமக்கும் மகள், அவள் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடும் குடும்பம் என்று ஒருவர் ஆரம்பித்தார். நான்கு பேர் ஒரே குரலில் கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) என்றார்கள். அவர் நினைத்திருந்தது ரித்விக் கட்டக்கின் ‘மேகே தாக்க தாரா’ (1960). அவர் மட்டும், “நடந்து போகும்போது அவள் செருப்பின் வார் அறுந்துவிடுகிறது” என்று தொடங்கியிருந்தால் குழப்பமே வந்திருக்காது. கட்டக் அந்தச் செருப்பைப் படத்தின் ஆரம்பத்தில் ஒருமுறை அறுக்கிறார். அவள் காசநோயோடு மலைப்பகுதி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபின், ஊரில் அவளுடைய அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தெருவில் போகும் வேறொரு பெண்ணின் செருப்பு அறுகிறது. அந்தப் பெண் ஒரு கணம் நின்று, காலை இழுத்துக்கொண்டே நடக்கிறாள். குடும்பத்தைச் சுமக்கும் அடுத்த பெண்ணை அறிமுகம் செய்ய அவருக்கு ஒரு வார் போதுமாக இருந்திருக்கிறது. பாலசந்தரின் படமும் எனக்குப் பிடித்ததுதான். ஆனால் அதில் என் மனத்தில் நிற்பவை வசனங்கள். விளையாட்டு விதிப்படி வசனம் சொல்ல முடியாது, நான் என்ன செய்ய?

இன்னொரு இரட்டை: படம் முடியும்போது பிம்பம் அசையாமல் உறைந்துவிடுகிறது. சிறுவன் ஓடி ஓடிக் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது உறைந்தால் த்ரூஃபோவின் ‘தி ஃபோர் ஹண்ட்ரட் ப்ளோஸ்’ (1959). கணவனும் மனைவியும் நீட்டிய கைகள் தொடுவதற்குமுன் உறைந்தால் ராயின் ‘சாருலதா’ (1964). “உறைந்துவிடுகிறது” என்பதோடு நிறுத்தினால் பக்கோடா பறிமுதல்.

படத்தின் பெயருக்குப் பதில் காப்பியத்தின் பெயரைச் சொன்னால் மதிப்பெண் உண்டா?

இப்படி ஒரு வழக்கு உண்மையாகவே வந்தது. காட்சி இது: கணவன் மனைவியை மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான். கொல்லத்தான் கூட்டி வந்திருக்கிறான் என்று அங்கே அவளுக்குத் தெரிகிறது. சாவதற்குமுன் உங்களை மூன்று முறை வலம் வந்து வணங்க வேண்டும் என்கிறாள். சுற்றி வருகிறாள், பின்னால் வந்ததும் தள்ளிவிடுகிறாள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சட்டென்று “குண்டலகேசி” என்றார். சரிதான். அந்தக் கதையிலிருந்து எடுக்கப்பட்டதுதான் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’ (1950). இயக்கியவர்களில் ஒருவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாமலேயே தமிழ்ப் படங்கள் எடுத்தவர். வசனம் புரியாத ஒருவர் அந்த மலையுச்சியில் எதை வைத்துக் காட்சியை நடத்தியிருப்பார்? நடை, தூரம், முகம். எங்கள் விளையாட்டின் விதிகளை அவர் வாழ்க்கை விதியாகவே வைத்திருந்தார் என்று சொல்லலாம். தமிழாசிரியருக்கு அரை மதிப்பெண் கொடுத்தோம். அவருக்கு இன்றுவரை அதில் வருத்தம்.

படம் தெரிகிறது, இயக்குநர் பெயர் வரவில்லை. இது என் குறையா?

உங்கள் குறை மட்டுமில்லை. ‘பராசக்தி’யை (1952) யார் எடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் கருணாநிதி என்பார்கள், சிலர் சிவாஜி என்றே சொல்லிவிடுவார்கள். கருணாநிதி வசனம் எழுதியவர். இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு என்ற இரட்டையர். நீதிமன்றக் காட்சியை நமக்கு வரி வரியாகச் சொல்லத் தெரியும். கேமரா அங்கே எங்கே நின்றது என்று கேட்டால் முழிப்போம். நம் ஊரில் நெடுங்காலம் படத்தைக் காதால் பார்த்திருக்கிறோம். ஒலிச்சித்திரம் என்று வானொலியில் படத்தின் வசனத்தையும் பாட்டையும் மட்டும் போட்டு, அதைக் கேட்டுவிட்டுப் படம் பார்த்த திருப்தியோடு எழுந்து போன வீட்டில் வளர்ந்தவன் நான். அதனால் இதில் யாரையும் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

பாலசந்தர் வீணை வாசிப்பாரா?

எஸ். பாலசந்தர் வாசிப்பார், கே. பாலசந்தர் வேறு ஆள். முன்னவர் வீணை வித்துவான். 1954-ல் ‘அந்த நாள்’ என்ற படத்தைப் பாட்டே இல்லாமல் எடுத்தவர். கதாநாயகனாக நடித்த சிவாஜியைத் தொடக்கத்திலேயே சுட்டுக் கொன்றுவிட்டு, கொன்றது யார் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வைத்தார். இந்தக் கேள்வியை எங்கள் குழுவில் இன்னும் ஒருவராவது தவறவிடுகிறார்.

சரி, உலகத்திலேயே சிறந்த இயக்குநர் யார்? ஏதாவது பட்டியல் இருக்குமே?

இருக்கிறது. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை 1952 முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை விமர்சகர்களைக் கேட்டுப் பட்டியல் போடுகிறது. முதல் தடவை டி சிகாவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’. பிறகு 1962-லிருந்து 2002 வரை அசையாமல் ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’. 2012-ல் ‘வெர்ட்டிகோ’. 2022-ல் நம் உருளைக்கிழங்குப் பெண்மணி. இயக்குநர்களைத் தனியாகக் கேட்டபோது 2012-ல் அவர்கள் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யைச் சொன்னார்கள், 2022-ல் குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யை.

படங்கள் அப்படியேதான் இருக்கின்றன. வாக்களிக்கிறவர்கள் மாறுகிறார்கள். பட்டியலைக் காட்டி வழக்கை முடிக்க முயல்கிறவர்களை எங்கள் மாடியில் யாரும் மதிப்பதில்லை.

ஜப்பானிய இயக்குநர்களில் ஓசுவா, குரோசாவாவா?

நீளமான பதில். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள்.

குரோசாவா கட்சியினர் எப்போதும் ‘செவன் சாமுராய்’ (1954) மழைச் சண்டையைத்தான் எடுப்பார்கள். சேறு, குதிரை, பல கேமராக்கள். அது நியாயமான ஆயுதம். ஆனால் அவர்களிடம் அதைவிட நல்ல ஆயுதம் இருக்கிறது, பயன்படுத்தத் தெரிவதில்லை. ‘இகிரு’ (1952). புற்றுநோய் வந்த ஓர் அரசு அலுவலர், சாவதற்குமுன் குழந்தைகளுக்கு ஒரு பூங்கா கட்ட அலைகிறார். படம் முடிய நெடுநேரம் இருக்கும்போதே ஆள் இறந்துவிடுகிறார். மிச்சப் படம் இழவு வீட்டில் நடக்கிறது. அலுவலகத்து ஆட்கள் குடித்துக்கொண்டே, அந்தப் பூங்காவுக்குக் காரணம் அவரா இல்லையா என்று வாதாடுகிறார்கள். அப்போது ஒரு போலீஸ்காரர் உள்ளே வந்து, நேற்றிரவு அவரைப் பார்த்தேன் என்கிறார். பனி பெய்துகொண்டிருந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

கவனியுங்கள், உலகம் முழுவதும் போஸ்டரில் போடும் அந்த ஊஞ்சல் காட்சி, படத்துக்குள்ளேயே ஒருவர் வாயால் சொல்லும் காட்சி. கேட்டவர்கள் தலைகுனிகிறார்கள். எங்கள் விளையாட்டை 1952-லேயே ஒருவர் இழவு வீட்டில் ஆடிக் காட்டிவிட்டார்.

ஓசு கட்சி சின்னது, பிடிவாதம் பெரியது. நான் அதில்தான் இருக்கிறேன். ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953): ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த வயதான பெற்றோர். பிள்ளைகளுக்கு நேரமில்லை. செலவு குறைவு என்று இருவரையும் அட்டாமி என்ற கடற்கரை ஊர் விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள். இரவெல்லாம் அங்கே கூச்சல். காலையில் இருவரும் கடலோரத் தடுப்புச் சுவரில் ஒரே மாதிரி உடையில், கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஊருக்குப் போய்விடலாமா என்கிறார் அவர். எழும்போது கிழவிக்கு லேசாகத் தலைசுற்றுகிறது, கையை ஊன்றிக்கொள்கிறாள். கேமரா கிட்டே போகவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்தக் கைக்கு ஒரு க்ளோசப் வைத்து, வயலினையும் சேர்த்திருப்பார்கள். ஓசு தன் கேமராவைத் தரையிலிருந்து கொஞ்சமே உயரத்தில், பாயில் உட்கார்ந்திருக்கும் வீட்டு மனிதர்போல் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். நாமாகக் கவனித்தால்தான் உண்டு.

அந்தக் கிழவராக நடித்த சிஷூ ரியூவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை என்று சொன்னால் குரோசாவா கட்சியினரும் கொஞ்சம் அமைதியாகிறார்கள். அந்த இடைவெளியில் பேச்சை முடித்துவிடுவது என் வழக்கம்.

மகேந்திரன், பாலு மகேந்திரா இருவரும் ஒருவர்தானா? இருவரில் யார் பெரியவர்?

முதல் கேள்வியைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம், குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தை இயக்கியவர் மகேந்திரன், ஒளிப்பதிவு செய்தவர் பாலு மகேந்திரா. மகேந்திரனின் இயற்பெயர் அலெக்ஸாண்டர். மகேந்திரன் என்பது பாலு மகேந்திராவுக்குத்தான் பிறப்பிலேயே வந்த பெயர். மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்துவிட்டு வந்தவர்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மகேந்திரன் ‘தங்கப்பதக்கம்’ போன்ற படங்களுக்கு எழுதி, வசனத்தின் பலத்தைக் கையில் வைத்திருந்தவர். இயக்க வந்ததும் அதைத்தான் முதலில் குறைத்தார். ‘உதிரிப்பூக்கள்’ (1979) முடிவு: ஊரே சேர்ந்து ஒரு கொடியவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து, தண்ணீருக்குள் இறங்கச் சொல்கிறது. உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேனே, நான் செய்த தவறுகளில் இதுதான் பெரியது என்ற பொருளில் அவன் சொல்லிவிட்டு இறங்குகிறான். கரையில் அவனுடைய இரண்டு குழந்தைகள். ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கிளம்பிய படம் என்பார்கள், ஆனால் இந்த ஆற்றங்கரைக்கு மகேந்திரன் தானாகத்தான் வந்து சேர்ந்தார். கெட்டவன் செத்தான் என்று கைதட்டிவிட்டு எழுந்திருக்க முடியாது, அந்தக் கரையில் நாமும் ஊர்க்காரர்களோடு நின்றிருந்தோம்.

பாலு மகேந்திராவைப் பற்றிப் பேசும்போது வெளிச்சம், வெளிச்சம் என்று சொல்லியே அவரைச் சின்னவராக்கிவிடுகிறார்கள். ‘வீடு’ (1988) படத்தில் எனக்கு முக்கியம் செங்கல், சிமெண்ட், கையில் இருக்கும் பணம். நடுத்தர வர்க்கத்துப் பெண் ஒருத்தி கடன் வாங்கி வீடு கட்டுகிறாள், அவ்வளவே. பாட்டு கிடையாது. இளையராஜா முன்பே வெளியிட்டிருந்த ‘ஹௌ டு நேம் இட்’ தொகுப்பின் இசையைப் பின்னணியில் வைத்தார்கள்.

யார் பெரியவர் என்றால், ஆற்றங்கரைக்காக மகேந்திரன் என்று பத்து வருஷம் சொன்னேன். சொந்தமாக வீடு கட்டி, ஒப்பந்தக்காரர் ஒருவர் பாதியில் காணாமல்போன பிறகு பாலு மகேந்திரா பக்கம் சாய்ந்துவிட்டேன். இது நேர்மையான விமர்சன முறை இல்லைதான்.

இன்றைய இயக்குநர்களைப் பற்றிப் பேசுவதே இல்லையா?

பேசுகிறோம். சத்தம் அதிகமாகி, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார்.

போனில் தேடலாமா?

கூடாது. போன்கள் மாடிப்படிக்கட்டில் ஒரு சோற்றுக் குண்டானுக்குள் இருக்கும்.

நிறையப் படம் பார்த்ததில்லை. வரலாமா?

தாராளமாக. முன்பொரு முறை ஒருவர் தன் வாழ்நாளில் தியேட்டரில் பார்த்தது ஏழு படம் என்றார். ‘பதேர் பாஞ்சாலி’யில் அக்காவும் தம்பியும் நாணல் காட்டுக்குள் ஓடிப்போய் ரயிலைப் பார்க்கும் இடத்தை ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியில் பாதியைப் படமாக்கிவிட்டு அடுத்த வாரம் போனபோது, மாடுகள் அந்த நாணல் பூக்களை மேய்ந்துவிட்டிருந்தன என்றும், அடுத்த பருவத்தில் பூக்கும்வரை ராய் காத்திருந்தார் என்றும் சொன்னார். ஏழு படக்காரர் விவசாயி. “புதுப் பூ வந்தபோது பிள்ளைகள் ஒரு வருஷம் வளர்ந்திருப்பார்களே, தெரியவில்லையா?” என்று கேட்டார். எங்களில் யாருக்கும் அது தோன்றியதில்லை.

மாதிரிக்கு ஒரு காட்சி கொடுங்களேன்.

கூரை முடியாத, பூசாத ஒரு கட்டடம். கையில் குடையோடு ஒரு முதியவர் தனியாக வருகிறார். வாசல் என்று வரப்போகும் இடத்தில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போகிறார். ஒவ்வொரு அறையாகச் சுற்றுகிறார். செங்கல் சுவரைத் தடவிப் பார்க்கிறார். அந்த வீட்டில் அவர் குடியேறப் போவதில்லை.

விடை மேலே ஏற்கனவே வந்துவிட்டது. தாத்தாவாக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர்.